விருப்பம் என்று அச்சிட்டார்கள்

மில்லுக்குப் பின்னால் சாக்கடையை ஒட்டிய லைன் வீடுகளுக்கு, தண்டவாளத்துக்கு மேற்கே இருந்த காற்றோட்டமான வீடுகளைவிட வாடகை அதிகம். ஏன் என்று அறிய, கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த அப்துல் லத்தீப் இரண்டாம் உலக யுத்த வருஷம் ஒன்றில் வீடு வீடாகப் போனார்.

“இந்த வீடு பிடிச்சுத்தான் இருக்கீங்களா?” என்று மில் தொழிலாளி ஒச்சாயியிடம் கேட்டார்.

“பிடிச்சா? மேக்கால எங்கள மாதிரி ஆளுகளுக்கு எவன்யா கதவத் தெறக்கான்?”

லத்தீப்புக்கு அது புதிதல்ல. அங்கே அவரும் வீடு கேட்டிருந்தார். பெயரைச் சொன்னதும், “நேத்துத்தான் ஒருத்தருக்குப் பேசி முடிச்சோம்” என்றார்கள். அந்த வீடு இன்னும் பூட்டியே கிடந்தது.

வேறு இடம் கிடைக்காதவர்களிடம் வாடகை பிடுங்கப்படுகிறது என்று கட்டுரையை முடித்தார். கல்லூரி மலரில் வந்தபோது முடிவு மாறியிருந்தது: ‘தொழிலாளர்கள் மில் அருகே வசிக்கவே விரும்புகின்றனர், அதற்குக் கூடுதல் வாடகை தரவும் தயங்குவதில்லை.’

மலரோடு, அதைத் தொகுத்த துறைத் தலைவரின் அறைக்குள் நுழைந்தார்.

“இது நான் எழுதினதில்ல சார்.”

“கொஞ்சம் சுருக்கினேன். அந்த வீட்டுச் சொந்தக்காரங்க நம்ம கல்லூரிக்கு வேண்டியவங்க.”

“சுருக்கலை. என் பேர்ல பொய் சொல்லியிருக்கீங்க!”

அடுத்த மாதமே லைன் வீடுகளின் சொந்தக்காரர், மேற்கேயும் சில வீடுகள் வைத்திருந்த உக்கிரபாண்டி, வாடகையைக் கூட்டினார். ஏன் என்று கேட்டவர்களிடம் மலரை நீட்டினார். ஒச்சாயி கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டாள்.

“வீட்டுக்குள்ள வந்து உக்காந்து கேட்டுட்டு, எங்க தலையிலயே கல்லப் போட்டீகளே!”

லத்தீப் சாக்குச் சொல்லவில்லை. “வாடகை அதிகாரிகிட்ட மனு குடுங்கம்மா. நான் வந்து சொல்றேன்.”

விசாரணையில் உக்கிரபாண்டி மலரிலிருந்த அந்த வரிகளைத் தன் குமாஸ்தாவை விட்டு உரக்கப் படிக்கவைத்தார். “படிச்சவரு எழுதினதுங்க. புடிச்சுத்தான் இருக்காக.”

லத்தீப் எழுந்தார். “மேக்கால உங்களுக்கு நாலு வீடு பூட்டிக் கிடக்கு. அதுல ஒண்ண இந்தம்மாவுக்குக் குடுங்க. எது புடிக்குதுன்னு இப்பவே பாத்துரலாம்!”

“அதெப்படி? அக்கம்பக்கம் ஒத்துக்கிற மாட்டாக.”

“அப்ப விருப்பம்னு ஏன்யா சொல்றீங்க?”

அதிகாரி வாடகை உயர்வை ரத்து செய்தார். ஒச்சாயிக்கு மேற்கே வீடு கிடைக்கவில்லை. சாக்கடை ஓரத்திலேயே இருந்தாள்.

கோடை விடுமுறைக்கு முன் துறைத் தலைவர் லத்தீப்பை அழைத்தார். “விசாரணையில அவசரப்பட்டுப் பேசிட்டேன்னு சொல்லிருங்க. வேலை தங்கும்.”

“அன்னைக்குக் குறைச்சலாத்தான் பேசினேன் சார்,” என்று சொல்லிவிட்டு, அவர் நீட்டிய கையைத் தொடாமல் வெளியேறினார் லத்தீப்.