ரொக்காஸ்பீனா ஏழு பத்து பஸ்

எங்கள் ஊருக்கு யார் வந்தாலும் மூன்று காப்பி குடிக்காமல் தப்ப முடியாது. லாத்தெர்சா அன்று காலை ஏழு மணிக்குள் நான்கு குடித்திருந்தார். பஸ்ஸில் ஏறுகிற தலைகளை எண்ணுவதற்காக அலுவலகம் அனுப்பிய மனிதர் அவர். முந்தின நாள் மாலையே என் பஸ்ஸில் வந்து, என் அண்ணன் கனியோவின் காப்பிக் கடைக்கு மேலே இருக்கும் அறையில் தங்கியிருந்தார். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் ஒரு பேனா, கையில் அட்டையோடு சேர்த்துக் கிளிப் போட்ட ஒரு தாள். பார்த்ததை மட்டும் எழுதுவேன் என்று வந்த கணத்திலேயே சொல்லிவிட்டார்.

காலை வண்டியில் பத்துப் பேராவது கீழே போகாவிட்டால் ரொக்காஸ்பீனா தடத்தை நிறுத்திவிடுவோம் என்று கடிதம் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இருபத்திரண்டு வருடமாக இந்த மலைப்பாதையில் நான்தான் ஓட்டுகிறேன். நின்றாலும் என் பிழைப்பு போகாது, வேறு தடத்தில் போட்டுவிடுவார்கள். போவது பல்மீராவின் உயிர். ஊருக்கு மூன்று கிலோமீட்டர் கீழே, ஒலிவ எண்ணெய் ஆட்டும் ஆலைக்குப் பக்கத்து வளைவில் தனியாக இருக்கிறாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள், காலை எட்டு மணிக்கு அடிவாரத்து ஆஸ்பத்திரியில் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். பத்து நிமிடம் தாமதமானால் அவளுடைய முறை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கனியோ என்னைப் பிடித்துக்கொண்டான்.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம் ஜெரார்தா. வண்டியை மட்டும் ஓட்டு. ஆளை நான் கொண்டாறேன்."

"பொய் ஆளை வெச்சு என் வண்டியை நிரப்ப வேணாம்ணே. இருக்கறதைச் சொல்லுவோம்."

"இருக்கறது நாலு பேருடி. நாலுன்னு சொன்னா நாளைக்கே பூட்டுப் போட்டுடுவான். உன் வாய்க்குப் பயந்து தடத்தை விட்டுவெப்பான்னு நெனப்பா?"

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊரே சொல்லும். அன்றைக்கு ஏனோ பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுத்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் இருக்கைகளையாவது எண்ணியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை.

திங்கட்கிழமை காலை சதுக்கத்துக்கு வண்டியைக் கொண்டுவந்தால், கோயில் வாசலில் பன்னிரண்டு பேர் வரிசையாக நிற்கிறார்கள். விருந்தாளி பார்க்கப்போகிறாரே என்று அத்தனை பேரும் பெட்டியில் இருந்த நல்ல துணியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். கனியோ தன் கல்யாணக் கோட்டில் இருந்தான். பொத்தான் போடுகிற காலம் மலையேறி இருபது வருடம் ஆயிற்று. பங்குச் சாமியார் எஜீதியோ காலணிக்குப் பளபளவென்று மெருகு போட்டிருந்தார். வேலைக்குப் போகிற மூன்று பெண்கள் மட்டும்தான் எப்போதும்போல் வந்து, எப்போதும்போல் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள்.

எனக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கைதான் வண்டியிலேயே நல்ல இருக்கை, அதிகம் குலுங்காது. விருந்தாளிக்கு அதைத்தான் கொடுக்க வேண்டுமென்று கனியோவும் சாமியாரும் லாத்தெர்சாவைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அது பல்மீராவின் இருக்கை. வண்டியில் மொத்தம் பதினாறு. பதினாறும் நிறைந்துவிட்டன.

கதவை மூடினேன். லாத்தெர்சா பேனாவை எடுத்தார்.

"ஃபாதர், எதுக்காகப் போறீங்கன்னு தாள்ல ஒரு கட்டம் இருக்கு."

"பல் வலி."

"நீங்க?"

"எனக்கும் பல்லுதான் சார்," என்றான் கனியோ. வேறு ஏதாவது யோசித்து வைத்திருக்கக்கூடாதா?

ஐந்தாவது ஆளும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டபோது லாத்தெர்சா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த ஊர்ல எல்லாருக்குமா பல் வலி?"

"தண்ணி அப்படி சார்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நான் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

ஆலை வளைவில் பல்மீரா நின்றிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலைப்பாதையில் யாரையும் நிற்க வைத்து ஏற்றிப்போகக் கூடாது என்பது விதி, அதுவும் லாத்தெர்சா உட்கார்ந்திருக்கும்போது. நான் பிரேக்கை அழுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பல்மீரா ஒரு காலைப் படியில் வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"என்னங்கடா, யாருக்குக் கல்யாணம்? எனக்குச் சொல்லவே இல்லை?"

லாத்தெர்சா எழுந்தார். "நான் எறங்கிடறேன்மா. ஆனா நான் வண்டியில இல்லைன்னா இந்தக் கணக்கு செல்லாது. கணக்கு இல்லாத தடத்தை நிறுத்திடுவாங்க."

"நீங்க உக்காருங்க சார்," என்று சாமியார் துள்ளி எழுந்தார். "நான் எறங்கறேன். என் பல்லு நாளைக்கும் இருக்கும்."

ஒருவர் இறங்கியிருந்தால் போதும், கதை முடிந்திருக்கும். ஆனால் எங்கள் ஊரில் சாமியார் இறங்கி நடக்க, மற்றவர்கள் உட்கார்ந்திருப்பதா? கனியோ எழுந்தான். "நீங்க வயசானவரு ஃபாதர், உக்காருங்க. நான் எறங்கறேன்." அவனுக்குப் பின்னால் இருந்தவர் எழுந்து அவனை இழுத்து உட்காரவைத்தார். "கடையைப் போட்டுட்டு வந்திருக்கீங்க, உங்களுக்கு அவசரம், நான் போறேன்." "உனக்கென்னடா அவசரம் இல்லையா?" "எனக்கு ஒரு அவசரமும் இல்லை." "எனக்கும்தான் இல்லை." ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு, கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஒருவர் மாற்றி ஒருவர் பன்னிரண்டு பேரும் சாலையில் இறங்கிவிட்டார்கள். இறங்கிய பிறகும் சண்டை ஓயவில்லை. அடிவாரத்தில் தனக்கு ஒரு வேலையும் இல்லை என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்யாத குறையாக நிரூபித்துக்கொண்டிருந்தார்கள். லாத்தெர்சா ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மணி ஏழு முப்பத்தொன்று. நான் ஒலிப்பானை அமுக்கினேன். ஒருவரும் திரும்பவில்லை. இவர்களைச் சமாதானப்படுத்தி மறுபடி ஏற்றி உட்கார வைப்பதற்குள் எட்டு மணி தாண்டிவிடும். இவர்களை விட்டுவிட்டுப் போனால் தடம் போய்விடும். நான் அதிகம் யோசிக்கவில்லை. இன்றைய முறை போனால் பல்மீராவுக்கு இன்றைக்கே ஆபத்து, தடத்துக்காக நாளைக்குச் சண்டை போட்டுக்கொள்ளலாம். கதவை மூடி வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தால் கனியோ கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறான்.

"அவங்க ஏறலையே," என்றார் லாத்தெர்சா.

"ஏற மாட்டாங்க சார். அவங்களுக்குப் போற வேலை இல்லை."

"அப்போ நாலு."

"நாலுதான். தினமும் நாலுதான். எழுதிக்குங்க."

பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதும் உண்மை. நாலு பேருக்கு ஓடுகிற வண்டிக்காக நான் யாரிடமும் வெட்கப்படத் தேவையில்லை.

லாத்தெர்சா தன் இருக்கையைப் பல்மீராவுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த வரிசையில் உட்கார்ந்தார். "வாரத்துல எத்தனை நாள்மா போறீங்க?"

"திங்கள், புதன், வெள்ளி. ஆறு வருஷமா."

"பஸ் இல்லைன்னா?"

"நடப்பேன். ஒரு வாரம் நடப்பேன். அப்புறம் நடக்க வேண்டிய அவசியமே இருக்காது." பல்மீரா அதைக் காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதையெல்லாம் எழுத இதுல இடமே இல்லையே."

"பின்பக்கம் காலியாத்தானே இருக்கு சார்?" என்றேன்.

ஏழு ஐம்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் பல்மீராவை இறக்கினேன்.

திரும்பும் வண்டி ஒரு மணிக்கு. ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே நிறுத்தம். ரொட்டிக் கூடை, மருந்துக் கடைப் பொட்டலங்கள், செருப்புத் தைக்கக் கொடுத்திருந்தவர்களின் செருப்புகள் எல்லாவற்றையும் வழக்கம்போல் ஏற்றிவிட்டேன். வேலைக்குப் போன மூன்று பேரும் வந்துவிட்டார்கள். பல்மீரா வரவில்லை.

ஒன்று பத்துக்கு லாத்தெர்சா என் பக்கத்தில் வந்து நின்றார். "பத்து நிமிஷத்துக்கு மேல தாமதம்னா அதையும் எழுதியாகணும். ஏற்கெனவே தலை நாலுதான். நேரமும் தப்புன்னா அதோட முடிஞ்சுது, அதுக்கப்புறம் நான் என்ன எழுதினாலும் யாரும் படிக்க மாட்டாங்க."

"எழுதுங்க."

"புரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"ஊசி எடுத்த எடத்துல சில நாள் ரத்தம் நிக்காது. அழுத்திப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. அவளை விட்டுட்டு நான் மலை ஏறுனதில்லை, இன்னைக்கும் ஏற மாட்டேன். உங்களுக்கு நேரமாச்சுன்னா வாடகைக் காரு இருக்கு."

இப்படிப் பேசியிருக்கக்கூடாதுதான். என் வாய் அப்படி. அவர் இறங்கிப் போனார். கோபித்துக்கொண்டு கார் தேடப் போகிறார் என்றே நினைத்தேன். ஒன்று இருபத்தாறுக்கு, பல்மீராவின் பையை ஒரு கையிலும் பல்மீராவை மறு கையிலும் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து வந்தார். அவளை முதல் இருக்கையில் உட்கார வைத்தார். பிறகு ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுதியபடியே வந்தார்.

அடுத்த மூன்று வாரம் கனியோ என்னோடு பேசவில்லை. ஊரையே நடுரோட்டில் விட்டுவிட்டுப் போனவள் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அப்புறம் ஒரு நாள் அலுவலகத்திலிருந்து உறை வந்தது. கடையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். கனியோ பிரித்தான். தடம் தொடரும் என்று முதல் வரியிலேயே இருந்தது. சாமியார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பல்மீராவுக்கு நானே போன் போட்டேன். "தடம் நிக்காதுன்னு தெரியும்டி" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் குரல் சரியாக இல்லை.

கடிதத்தோடு லாத்தெர்சாவின் தாளுக்கு ஒரு நகலும் இருந்தது. கனியோ உரக்கப் படித்தான். பயணிகள்: நான்கு. பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் பல்மீராவின் திங்களும் புதனும் வெள்ளியும் ஆறு வருடமும் இருந்தன. அதற்குக் கீழே, "பயணிகள் பன்னிரண்டு பேர் நோயாளி ஒருவருக்கு இடம் தருவதற்காக வழியில் இறங்கிக்கொண்டனர்." அதுவும் நடந்ததுதானே. கடையில் ஒருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கனியோ என் பக்கம் ஒரு காப்பியை நகர்த்தி வைத்துவிட்டுக் கடைசி வரியைப் படித்தான்.

"திரும்பும் வண்டி புறப்பட்ட நேரம்: சரியாக ஒரு மணி."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அன்றைக்குப் பொய் சொல்லக் கிளம்பியவர்கள் பன்னிரண்டு பேர். தாளில் ஏறிய பொய் ஒன்றே ஒன்று, அதை எழுதியவர் எங்கள் ஊர்க்காரரே இல்லை.