உறை பிரிக்காத கை

எங்கள் டயாலிசிஸ் மையத்தில் ஜன்னலோர நாற்காலி என்னுடையது. அடுத்தது எங்கள் சர்ச்சில் பாஸ்டருக்குத் துணையாக நிற்கும் டீக்கன் லூஷியஸ் பெட்வேயுடையது. வாரத்தில் மூன்று நாள், என் ரத்தம் இயந்திரத்துக்குள் போய்ச் சலவையாகித் திரும்பும்வரை அந்த மனிதரின் பேச்சை நான் கேட்டாக வேண்டும். சிறுநீரகம் போனதைக்கூட மன்னித்துவிடலாம்.

டீக்கன் பெரிய வேட்டைக்காரர். மானைச் சுட்டு, தோலுரித்து, பாட்டுப் பாடிக்கொண்டே குடலை உருவுவார். ஊசியைக் கண்டால் மட்டும் முகம் சாம்பலாகிவிடும்.

அவருடைய இடது கையில் ஃபிஸ்டுலா வைத்து ஒரு வருடம் ஆகிறது. தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இடம் நன்றாகத் தடித்து, உள்ளே ரத்தம் பாயும் வேகத்தில் தொட்டால் உறுமும். ஊசி போடத் தோதான கை. போட விட்டால்தானே? மார்பில் தொங்கும் குழாயே தனக்குப் போதும் என்பார். அந்தக் குழாய் கழுத்து வழியாக நேரே இதயத்துக்குப் போகிறது. கிருமிக்கும் அதே வழிதான்.

எங்கள் வீடுகளில் முன்னறைச் சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, யாரையும் உட்கார விடாமல் வைத்திருப்பார்களே, அந்தக் கையும் அப்படித்தான். அதில் ரத்த அழுத்தம் பார்க்க விடமாட்டார், பை தூக்கமாட்டார், அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கமாட்டார். ஃபிஸ்டுலா உள்ள எல்லோரும் அப்படித்தான் காப்பாற்றுகிறோம். ஆனால் நாங்கள் அதைப் பயன்படுத்தவும் செய்கிறோம்.

வந்ததும் வராததுமாக என் காதருகே கையை நீட்டுவார்.

"கேளு வெர்லீன், எப்படிப் பாடுது பாரு."

"கச்சேரி வெக்கவா அத வெச்சாங்க? ஊசி போட்டுக்கயேன்யா."

"அடுத்த வாரம், சிஸ்டர்."

ஊசி போடும் கிளாரிஸ் பொறுமைசாலி. "மரத்துப்போக மருந்து தடவித்தான் போடுவேன், டீக்கன்" என்பாள்.

"கர்த்தர் சொல்லட்டும், மகளே."

கர்த்தருக்கு வேறு வேலையில்லை பாருங்கள்.

அந்த வசந்தத்தில் அவர் மகன் தெரோன் சிகாகோவிலிருந்து திரும்பி வந்தான். பல வருடங்களாகச் சர்ச் வாசலை மிதிக்காதவன், ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்றான். எங்கள் சர்ச்சில் தலையில் தெளிக்கிற வேலையெல்லாம் கிடையாது. ஆளை முழுசாக முக்கி எடுக்க வேண்டும். அதுவும் அப்பா முங்கிய அதே யாசூ ஆற்றில்தான் வேண்டுமாம். ஒரு பக்கம் பாஸ்டர், மறுபக்கம் டீக்கன் தண்ணீரில் நின்று பிடித்துக்கொள்வது வழக்கம்.

கிளாரிஸ் பதறிப்போனாள். "குழாயோட ஆத்துல இறங்கவே கூடாது டீக்கன்! இன்னிக்கே ஊசி ஆரம்பிச்சா, ஞானஸ்நானத்துக்குள்ள குழாய எடுத்துடலாம்."

"இடுப்பளவு தண்ணிதானம்மா. மேல பிளாஸ்டிக் சுத்திக்கிறேன். செங்கடலப் பொளந்தவருக்கு இது பெரிய விஷயமா?"

"பொளந்தாரு, அவரோட ஜனங்க காஞ்ச தரையில நடந்தாங்க" என்றேன். "நீ தண்ணிக்குள்ளதான நிக்கப்போற?" வேதம் எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கிக்குள்ளே, மீந்த கறியை மூடிவைக்கும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, டேப் ஒட்டி, பொட்டலமாக வந்து நின்றார். தெரோனை முக்கி எடுத்தார்கள். எழுந்தவன் சின்னப்பிள்ளை மாதிரி விம்மி அழுது அப்பாவைக் கட்டிக்கொண்டான். ஆள் நல்ல எடை. இருவரும் சறுக்கி, சேர்ந்து முங்கி எழுந்தார்கள். கரையில் ஒரே அல்லேலூயா. நானும் அழுதேன். டேப் மட்டும் தனியாக ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ" என்று கையைப் பிடித்து இழுத்தேன். கோழி பொரித்து வைத்திருந்தார்கள். டீக்கன் போகவில்லை.

அடுத்த முறை டயாலிசிஸ் ஆரம்பித்த சற்று நேரத்தில் நாற்காலியே ஆடும்படி அவருக்கு நடுக்கம் வந்தது. ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் கிருமி. ரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கிவிட்டது. எப்படியோ பிழைத்தார். ஆனால் ஓட்டம் குறைந்ததில் ஃபிஸ்டுலாவுக்குள் ரத்தம் உறைந்துபோயிற்று. சர்ஜன் அடைப்பை எடுக்கப் பார்த்தாராம், முடியவில்லை.

திரும்பி வந்தபோது சட்டை அவர்மேல் தொங்கியது. மார்பின் மறுபக்கத்தில் புதுக் குழாய். அவருக்காகவே நல்ல நல்ல கேலியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். அத்தனையையும் மூட்டைகட்டி வைத்தேன். கஷ்டமாக இருந்தது.

கையை நீட்டாமலே உட்கார்ந்தார்.

"சத்தமே இல்ல, வெர்லீன். தெரோன் காத வெச்சுப் பாத்தான். அப்படியே எந்திரிச்சுப் போயிட்டான்."

"வேற என்ன சொல்றாங்க?"

"வலது கையில புதுசா வெக்கலாங்கிறாங்க. சரியா வருமான்னு சொல்ல முடியாதாம்."

என் கையை அவர் காதருகே கொண்டுபோனேன். கண்ணை மூடிக் கேட்டார். கிளாரிஸ் ஊசியோடு வந்து நிற்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அது ரொம்ப வலிக்குமா?" என்றார். இத்தனை நாளில் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை.

"நீயே பாத்துக்க."

முதல்முறையாக முகத்தைத் திருப்பாமல் பார்த்தார். கிளாரிஸ் ஒன்றைக் குத்தினாள், நான் உதட்டைக் கடித்தேன். இரண்டாவதையும் குத்திவிட்டு டேப் ஒட்டினாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், டீக்கன்."

கிளாரிஸ் ரத்த அழுத்தப் பட்டையோடு அவரிடம் போனாள். பழக்க தோஷத்தில் இடது கையை மார்போடு ஒளித்துக்கொண்டு வலது கையை நீட்டினார்.

"வலது வேண்டாம் டீக்கன், அதத்தான் இனிமே காப்பாத்தணும்" என்றாள் அவள், மெதுவாக. "இடது கையக் குடுங்க. அதுல இனி என்ன வேணா பண்ணலாம்."