ஜாஸ்தி பாட்டு

ரேணுகாம்பாளைப் பாராட்ட ஊருக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். அப்படியே.

வேடியப்பன் மெல்லிசைக் குழுவில் அவள் பதினோரு வருஷமாகப் பாடிக்கொண்டிருந்தாள். திருவண்ணாமலையைச் சுற்றி இருபது மைலுக்குக் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் வேடியப்பன் குழுதான். பாடி முடித்து மேடையை விட்டு இறங்கினால் யாராவது ஒரு பெரிய மனுஷர் எதிரே வந்து கைகூப்புவார். சினிமாவில் பாடுகிற அந்தம்மா குரல் அப்படியே இருக்கும்மா, கண்ணை மூடிட்டுக் கேட்டா வித்தியாசமே தெரியல என்பார். கண்ணைத் திறந்துகிட்டுக் கேளுங்களேன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு துறுதுறுக்கும். சொல்லமாட்டாள். சிரித்து வைப்பாள்.

சோகப் பாட்டுக்கு ஒரு அம்மா குரல், துள்ளல் பாட்டுக்கு இன்னொரு அம்மா குரல், தாலாட்டுக்கு மூன்றாவதாக ஒன்று என்று எல்லாக் குரலும் அவளிடம் இருந்தது. சொந்தக் குரல் எது என்று கேட்டால் முழிப்பாள். குழாயடியில் சண்டை போடும்போது வருகிறதே, அதுவாக இருக்கலாம். அதை யார் மைக் முன்னால் கேட்டார்கள்?

எண்பத்தைந்தாம் வருஷம் ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு மெட்ராஸிலிருந்து ஒரு கேசட் கம்பெனி முதலாளி வந்தார். பெண் வீட்டுக்குத் தூரத்துச் சொந்தம். சினிமாவில் வராத புதுப் பாட்டாக எட்டுப் பாட்டு, இளவட்டங்கள் ஆடுகிற மாதிரி பாப் இசையில் ஒரு கேசட் போடலாம் என்று அங்கேயே பேசினார். வேடியப்பன் எழுதி மெட்டுப் போடுவது, ரேணுகாம்பாள் பாடுவது. ஒரு நிபந்தனை வைத்தார். 'கானச்சுடர்' என்ற வாரப் பத்திரிகையில் வாசகர் அனுப்பும் கார்டை எண்ணி வாராவாரம் 'முதல் பத்து' என்று பட்டியல் போடுவார்கள். தை மாசத்துக்குள் இந்தக் கேசட்டிலிருந்து ஒரு பாட்டாவது அதில் ஏறினால் இரண்டாவது கேசட்டும் ரேணுகாம்பாளுக்கே. ஏறாவிட்டால் மெட்டு வேடியப்பனுடையது, குரல் யாராவது மெட்ராஸ் பாடகியுடையது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் தன் புருஷன் ராஜேந்திரனிடம் சொன்னாள். அவன் வேலூர் போகிற தனியார் பஸ்ஸில் டிரைவர். முப்பது வயசு ஆகப் போகுதுங்க, இதை விட்டா நான் கடைசி வரைக்கும் அப்படியேதான் என்றாள். அதற்கு மேல் அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மெட்ராஸில் ஸ்டுடியோ ஒரே ஒரு நாளைக்குத்தான். அப்போதெல்லாம் தப்பு வந்த சொல்லை மட்டும் ஒட்டுப் போட முடியாது. வாசிக்கிறவர், பாடுகிறவர் எல்லாரும் ஒன்றாக ஆரம்பித்து ஒன்றாக முடிக்கவேண்டும். ஏழு பாட்டு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு முடிந்தது. ஒலிப்பதிவுக்காரர் ஒவ்வொரு பாட்டுக்கும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, அந்தம்மா குரல் அப்படியே இருக்கு என்றார். மெட்ராஸிலும் அதே வார்த்தையா என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

எட்டாவது பாட்டுக்கு முன்னால் டீ வந்தது. பாகு மாதிரி இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, சக்கரை ஜாஸ்தி என்று தம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். மைக் முன்னால் போய் நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்தது. வேடியப்பன் எழுதியிருந்தது இது:

'உனக்கு என் மேல் குறைவு,
எனக்கு உன் மேல் மிகுதி.'

நாக்கில் டீ ஒட்டிக்கொண்டிருந்ததோ என்னவோ, வாயில் வந்தது வேறு:

'உனக்கு என் மேல கம்மி,
எனக்கு உன் மேல ஜாஸ்தி.'

ஜாவை நீட்டி இழுத்தாள். இழுத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறதே, நிற்க முடியுமா? எப்படியும் கெட்டுப் போச்சு, போறது போகட்டும் என்று மிச்சப் பாட்டையும் அதே ஜோரில் பாடித் தள்ளினாள். எந்த அம்மா குரலும் ஞாபகத்துக்கு வரவில்லை. குழாயடிக் குரல்தான் வந்தது. பல்லவி திரும்பி வந்த நாலு தடவையும் ஜாஸ்திதான்.

வேடியப்பன் பகலில் மின்சார ஆபீஸில் கிளார்க், மிச்ச நேரமெல்லாம் கவிஞர். மிகுதி என்ற சொல்லுக்காக மூன்று நாள் யோசித்தவர். முகம் கறுத்துப் போச்சு. இன்னொரு தடவை எடுக்கலாம் என்றார். வெளியே பக்திப் பாட்டுக்காரர்கள் மேளம் நாதஸ்வரத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள், நேரம் முடிந்தது. ஒலிப்பதிவுக்காரர் இந்த முறை கட்டை விரலைத் தூக்கவில்லை. இது யார் குரல் மாதிரி என்று புரியாமல் தலையைச் சொறிந்தார். முதலாளி சிக்கனக்காரர். அந்தப் பாட்டை பி சைடில் கடைசியில் தள்ளச் சொல்லிவிட்டார். அட்டையில் குடை பிடித்த ஏதோ ஒரு பெண்ணின் படம். பாட்டின் பெயர் வேடியப்பன் வைத்தபடியே 'அன்பின் மிகுதி' என்று அச்சானது.

ஐப்பசியில் கேசட் வந்தது. தேரடித் தெருவில் கேசட் கடை வைத்திருந்த ராமகிருஷ்ணன் கடை வாசலில் ஸ்பீக்கர் பெட்டியை வைத்து நாள் பூராவும் ஓடவிட்டார். ராஜேந்திரன் பஸ்ஸில் போட்டான். ஏ சைடு முதல் பாட்டுக்கு ஜனங்கள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள். போளூர் தாண்டி, கண்ணமங்கலம் தாண்டி பி சைடு கடைசிக்கு வந்தபோது பின் சீட்டில் ஒரு கிழவர் எழுந்து நின்று, டிரைவரே, அந்த ஜாஸ்திய இன்னொரு வாட்டி போடுங்க என்றார். மறுநாள் ஏறினவர்கள் ஏறும்போதே கேட்டார்கள், இது ஜாஸ்தி பாட்டு பஸ்ஸா என்று.

கடைசிப் பாட்டுக்காக டேப்பை ஓட்டி ஓட்டி நைந்துவிடுமே என்று ராஜேந்திரன் ஒரு வழி கண்டுபிடித்தான். ஏ சைடு முதல் பாட்டு முடிந்ததும் கேசட்டைத் திருப்பிப் போட்டால் பி சைடு கடைசிப் பாட்டு கிட்டத்தட்ட ஆரம்பத்தில் வந்து நிற்கும். இந்தச் சூட்சுமம் ஒரே வாரத்தில் பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பரவியது. கார்த்திகை தீபத்துக்கு எந்தெந்த ஊரிலிருந்தோ வந்த ஜனம் நாலு மாட வீதியிலும் அந்தப் பாட்டைக் கேட்டது. கோயிலுக்குப் போய்விட்டு வந்து கையில் விபூதிப் பொட்டலமும் கேசட்டுமாக ஊருக்குப் போனது. அடி அண்ணாமலையில் டீக்கடைக்காரர் சர்க்கரையைப் போடும்போதே கம்மியா, ஜாஸ்தியா என்று பாட்டாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இவ்வளவும் நடந்தது. ஆனால் கானச்சுடர் பட்டியலில் மட்டும் வரவில்லை.

ஒரு வாரம் பார்த்தாள், இரண்டு வாரம் பார்த்தாள். மார்கழி முழுக்கப் பார்த்தாள். பத்தாவது இடத்தில்கூட இல்லை. எனக்குத் தெரிஞ்சு என் கடையில வாங்கினவங்களே நூறு பேர் கார்டு போட்டிருக்காங்க என்று ராமகிருஷ்ணன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார். விட்டுடு ரேணு, பாட்டு அவ்வளவுதான் போல என்று வேடியப்பன் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. தப்பாகப் பாடிக் கெடுத்தது நீதான் என்று அவர் மனசுக்குள் சொல்வது அவளுக்குக் கேட்டது. பொங்கல் முடிந்த மறுநாள், அண்ணா கிளம்புங்க, அந்தப் பத்திரிகையில கார்டை எப்படி எண்ணுறாங்கன்னு பாத்துட்டு வரலாம் என்று அவரையும் இழுத்துக்கொண்டு மெட்ராஸுக்கு பஸ் ஏறினாள்.

கானச்சுடர் ஆபீஸ் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கார்டு எண்ணுவது சந்திரகலா என்ற சின்னப் பெண். நல்ல பெண், கணக்கில் கறாரானவள். அன்பின் மிகுதிக்கு இந்த வாரம் மூன்று கார்டு என்று எடுத்துக் காட்டினாள். மூன்றும் வேடியப்பனுடைய மின்சார ஆபீஸ்காரர்கள் எழுதியது. ரேணுகாம்பாள் மேஜைக்கடியில் பார்த்தாள். சணல் போட்டுக் கட்டிய கார்டுக் கட்டு முழங்கால் உயரத்துக்கு இருந்தது. அது என்னம்மா என்றாள். செல்லாத கார்டு, இந்தப் பேர்ல எந்தக் கேசட்டுலயும் பாட்டே கிடையாதுங்க என்றாள் அந்தப் பெண்.

ரேணுகாம்பாள் தரையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தாள். குடியாத்தம், ஆரணி, திண்டிவனம், ஓசூர். ஜாஸ்தி பாட்டு. ஜாஸ்தி. ஜாஸ்த்தி. 'பாட்டு: கம்மி ஜாஸ்தி, கேசட்: பஸ்ஸில் கேட்டது.' செங்கத்திலிருந்து ஒருத்தர் பென்சிலில் எழுதியிருந்தார்: 'பாட்டு பேர் ஜாஸ்தி. பாடுனது யாருன்னு தெரியல. எங்க ஊர்ப் பொண்ணு மாதிரி இருக்கு.'

அந்தக் கார்டை அவள் இரண்டு தடவை படித்தாள். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக ஒருத்தர் சினிமா அம்மாவை விட்டுவிட்டு வேறு யாரோ மாதிரி இருக்கிறது என்கிறார். கண்ணில் தண்ணீர் முட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு அங்கேயே, படிக்கட்டுக்கு அடியிலேயே, பல்லவியைப் பாடிக் காட்டினாள். சந்திரகலாவுக்கு வாய் பிளந்தது. ஆனாலும் விதி விதிதான். அட்டையில் அச்சான பெயர் இருந்தால்தான் கணக்கு, பழைய கார்டும் சேராது. பேரை மாத்தி அச்சடிச்சா அடுத்த வாரத்துலருந்து எண்ணுவேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

அங்கிருந்து நேராகக் கம்பெனி. முதலாளி விஷயத்தைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஜாஸ்தி தமிழே இல்லம்மா. கேசட் மேல போட்டா நாலு பேர் சிரிப்பாங்க."

"எங்க ஊர்ல வெயில் ஜாஸ்தி சார், தீபத்துக்குக் கூட்டம் ஜாஸ்தி, எனக்கு வாய் ஜாஸ்தி. ஒருத்தரும் சிரிக்கல. நீங்க சொல்லுங்க, மிகுதின்னு கடைசியா எப்ப வாயால சொன்னீங்க?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அலமாரியைப் பார்த்தார். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அதுக்கில்லம்மா. பழைய அட்டை ஸ்டாக் ஜாஸ்தியா இருக்கே."

முதலில் சிரித்தது வேடியப்பன். மூன்று மாசமாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மனுஷர், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என்ன சொன்னோம் என்று முதலாளிக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அப்புறம் அவரும் சிரித்துவிட்டார்.

"போட்டுடுங்க சார்," என்றார் வேடியப்பன். "எழுதினவன் நான் சொல்றேன். நான் எழுதினது தப்பு, இவ பாடினதுதான் சரி."

புது அட்டை அச்சாகி வரும்வரை பழசின் மேல் ஒட்ட மஞ்சள் காகிதத்தில் ஒரு சீட்டு அடித்துக் கொடுத்தார்கள். 'ஜாஸ்தி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தேரடித் தெருக் கடையில் ராமகிருஷ்ணன் கோந்து தடவ, ரேணுகாம்பாள் ஒவ்வொரு கேசட்டாக ஒட்டினாள். குடைக்காரப் பெண்ணின் முகம் பாதி மறைந்து போனதில் அவளுக்கு ஒரு அல்ப சந்தோஷம் இருந்ததை ஒளிப்பானேன்?

தை கடைசி வாரம் கானச்சுடர் வந்தது. கடை வாசலில் நின்றே பிரித்தார்கள். பத்தாவது இடத்தில் இல்லை, ஒன்பதாவதில் இல்லை. ராமகிருஷ்ணனுக்கு முகம் தொங்கிப் போச்சு. ரேணுகாம்பாள்தான் விரலை மேலே நகர்த்திக்கொண்டே போனாள். நாலாவது இடம். ஜாஸ்தி, பாடியவர் ரேணுகாம்பாள். மாசி இரண்டாவது வாரம் சினிமாப் பாட்டையெல்லாம் கீழே தள்ளிவிட்டு முதல் இடத்தில் போய் உட்கார்ந்தது, ஆறு வாரம் எழுந்திருக்கவே இல்லை. இரண்டாவது கேசட்டுக்கு முதலாளியே திருவண்ணாமலைக்கு வந்து தேதி குறித்துக்கொண்டு போனார். இந்தத் தடவை பாட்டு எழுதும்போது வேடியப்பன் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்து ஜனம் பேசுவதைக் கேட்டு எழுதினார்.

அந்த வைகாசியில் வேங்கிக்கால் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. ரேணுகாம்பாள் கடைசியாக ஜாஸ்தியைப் பாடி முடித்து மேடையை விட்டு இறங்கினாள். போளூர் வெல்ல மண்டிக்காரர் இராமலிங்கம், மாப்பிள்ளைக்குப் பெரியப்பா, எதிரே வந்து கைகூப்பினார்.

"நல்லா பாடுறம்மா. கேசட்ல பாடுற ரேணுகாம்பாள் குரல் அப்படியே இருக்கு. கண்ண மூடிட்டுக் கேட்டா வித்தியாசமே தெரியல."

பக்கத்தில் நின்ற ராஜேந்திரன் பதறிக்கொண்டு வாயைத் திறந்தான். அவள் அவன் கையை அழுத்திப் பிடித்தாள். கேசட் அட்டையில் இருப்பது குடைக்காரி முகம், இவருக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு உடம்பெல்லாம் சிரிப்பு பொங்கியது. எத்தனை பேர் வாயால் கேட்டு எரிந்த வார்த்தை, இன்றைக்கு வெல்லமாக இனித்தது.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் பெரியவர். "அந்தம்மா ஜாஸ்திய இன்னும் கொஞ்சம் இழுக்கும்."

"அப்படிங்களா," என்றாள் ரேணுகாம்பாள். "உக்காருங்க, இழுத்துக் காட்டுறேன்."

மறுபடியும் மேடை ஏறினாள். வேடியப்பன் ஆர்மோனியத்தில் முதல் சுரத்தை வாசித்தார். ஜாவை அவள் இழுத்த இழுப்பில் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். முதல் வரிசையில் பெரியவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினார், இப்பதான் சரியா வந்தது என்று.