பதினெட்டு விநாடித் திட்டு

அத்தானைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் ஒரு நத்தை வந்து நிற்கிறது. அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. நத்தை மட்டும் போக மாட்டேன் என்கிறது.

அத்தான் என் அக்காவின் கணவர். டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். முப்பத்திரண்டு வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, பழக வருகிறவர்களைத் திட்டியே பிழைத்தவர். அவருடைய நுரையீரலில் ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுத்துவிடலாம், ஆனால் இந்த மூச்சு ஆபரேஷனைத் தாங்காது என்றார் டாக்டர். ஆறு வாரத்தில் மூச்சைத் தேற்றிக்கொண்டு வந்தால் கத்தியை எடுப்பேன், இல்லாவிட்டால் தொடமாட்டேன் என்று முடித்துவிட்டார்.

அதற்குத்தான் நத்தை. பிசியோதெரபி பெண் ஒரு வீடியோ கேம் கொடுத்தாள். குழாயை வாயில் வைத்து ஊத வேண்டும். டிவியில், இலை மேல் உட்கார்ந்திருக்கும் நத்தை குளத்தைக் கடக்கும். வேகமாக ஊதினால் இலை கவிழும். மூச்சு நின்றால் நத்தையும் நடுக்குளத்தில் நின்றுவிடும். உடனே ஒரு மீன் தலையை நீட்டிச் சிரிக்கும். அக்கரைக்குப் போக ஒரே மூச்சில் பதினெட்டு விநாடி ஊத வேண்டும். ஆறாவது வாரம் ஆஸ்பத்திரியில், டாக்டரின் கண்ணெதிரே, நத்தை கரை ஏறியாக வேண்டும்.

அத்தான் ஏழாவது விநாடியில் நின்றுவிடுவார். மீன் சிரிக்கும்.

"இந்த மீனை யாருடி வளர்க்கிறது?" என்று அக்காவிடம் பாய்வார். பிறகு இருமுவார்.

இரண்டு வாரத்தில் ஏழு எட்டானது, அவ்வளவுதான். ஒருநாள் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "மெதுவா போங்க அத்தான், நத்தை பயப்படுது" என்றேன்.

அவருக்கே ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறேன்! குழாய் வாயில் இருந்தபடியே திட்ட ஆரம்பித்தார். வார்த்தை ஒன்றும் வெளியே வரவில்லை. "ஊஊ... ஊம்ஊஊ... ஊஊஊ" என்று காற்றுதான் வந்தது. பல வருடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பழக்கத்தில் எனக்கு மட்டும் முழுதாகப் புரிந்தது. சைக்கிளையே நேராக நிறுத்தத் தெரியாதவன் எனக்கு வழி சொல்கிறானா என்பது அதன் சாரம். நத்தை ஆடி அசைந்து பன்னிரண்டு விநாடி போனது.

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். "என்னங்க, இன்னொரு தடவை திட்டுங்க!"

"எதுக்குடி?"

"எதுக்கோ. இவனைத் திட்ட காரணமா இல்லை?"

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு நான் திட்டு வாங்கப் போனேன். என் குற்றங்களை அக்கா ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். நாளுக்கு மூன்றாக எடுத்துக் கொடுப்பாள். நாலாவது வாரம் சரக்கு தீர்ந்துவிட்டது. புதிதாகத் தப்பு செய்ய வேண்டிய நிலைமை. ஈரத் துண்டை சோபாவில் போட்டேன். சர்க்கரை டப்பாவில் ஈர ஸ்பூனை விட்டேன். செருப்போடு கட்டிலில் ஏறிப் படுத்தேன். அதற்குப் பதினைந்து விநாடி கிடைத்தது.

"நாளைக்கு ஏதாவது உடைச்சு வைடா" என்றாள் அக்கா வாசலில் வைத்து ரகசியமாக. "பெரிசா வேணாம். சோப்பு டப்பா போதும்."

சோதனை நாள் வந்தது. ஆஸ்பத்திரி லிஃப்டில் அத்தான் திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாவம்டா நீ. நாலு வாரமா வேலை வெட்டியை விட்டுட்டு வந்து என்கிட்ட ஏச்சு வாங்குறே. உன்னை மாதிரி ஒருத்தன் எனக்குக் கிடைச்சானே."

மனுஷன் இளகுவதற்கு இன்றைக்குத்தானா நாள் பார்த்தார்?

டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்று வாய்ப்பு என்றாள் பிசியோதெரபி பெண். முதல் தடவை அத்தான் என்னைப் பாசமாகப் பார்த்துக்கொண்டே ஊதினார். ஒன்பது விநாடி. மீன் சிரித்தது.

"அத்தான், உங்க தலையணை மேல ஈரத் துண்டைப் போட்டுட்டு வந்துட்டேன்" என்றேன் அவசரமாக.

"பரவால்லடா, காயும்."

இரண்டாவது தடவை பத்து விநாடி. மீனுக்கு ஒரே கொண்டாட்டம்.

அக்காவைப் பார்த்தேன். அவள் நோட்டில் எழுதாத குற்றம் ஒன்று பாக்கி இருந்தது. பதினோரு வருடப் பழையது, அவர்கள் மகள் பாப்பாவைப் பற்றியது. நான் எதை நினைக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அத்தான் குழாயை வாயில் வைத்ததும் சொல்லிவிட்டேன்.

"அத்தான், பாப்பாவுக்கு காரோட்டச் சொல்லிக் கொடுத்தது நீங்க இல்ல."

அவர் கண் மட்டும் திரும்பியது.

"உங்க திட்டு தாங்காம அழுதுகிட்டே எங்க வீட்டுக்கு வந்தா. நான்தான் கூட்டிட்டுப் போய், உங்க ஸ்கூலுக்கு எதிர்ல வச்சிருக்கானே, அந்த டிரைவிங் ஸ்கூல்ல சேர்த்துவிட்டேன்."

அந்தப் பக்கம் நிழல் இருந்தால்கூட வண்டியை நிறுத்தாதவர் அத்தான்.

"ஊஊஊஊ" என்று தொடங்கியது. ஏறாமல் இறங்காமல், முதல் கியரில் மேடு ஏறும் லாரி மாதிரி சீராகப் போனது.

"என்ன சொல்றார்?" என்று பிசியோதெரபி பெண் என் காதில் கேட்டாள்.

"எல்லாருக்கும் நன்றி சொல்றாரும்மா."

"கையை ஏன் அப்படி ஆட்டுறார்?"

"சிக்னல் காட்டுறார். தொழில் பழக்கம்."

பதினெட்டாவது விநாடியில் நத்தை கரை தொட்டது. அத்தான் நிறுத்தவில்லை. திட்டில் என் பரம்பரைக்கு அப்போதுதான் வந்திருந்தார். அது அவர் மனைவிக்கும் பரம்பரைதான் என்பதை மறந்துவிட்டார். இருபத்து மூன்றில் மூச்சு தீர்ந்தது. மீன் வாயை மூடிக்கொண்டு பார்த்தது.

அவர் இரைக்க இரைக்கக் குழாயை எடுத்தார். "உனக்கும் தெரியுமாடி?"

அக்கா ஃபேனைப் பார்த்தாள்.

டாக்டர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். "செவ்வாய்க்கிழமை வந்து படுங்க."

ஆபரேஷன் முடிந்து நினைவு திரும்பியதும், அத்தான் விரலை அசைத்து என்னைக் கூப்பிட்டார். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"அவன் கிளட்ச்சை எப்படிடா சொல்லிக் கொடுத்தான்?"

அதன் பிறகு நாலு வருடம் இருந்தார். தினமும் போனில் அந்த ஸ்கூலைப் பற்றி ஒரு கேள்வி வரும். எனக்கு என்ன தெரியும்? பாப்பாவை வாசலில் இறக்கிவிட்டு வந்தவன் நான். அதனால் வாய்க்கு வந்ததை அளப்பேன்.

"மேட்டுல நின்னா ஹேண்ட்பிரேக் எல்லாம் வேணாம்னு சொன்னாங்களாம் அத்தான்."

சொல்லிவிட்டு, போனைக் காதிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன். கடைசி மாதத்தில்கூடப் பதினாலு விநாடிக்குக் குறையவில்லை.