மிச்சத் தூக்கம்

என் மகள் சஷ்மிதாவுக்கு மாசி மாதம் இடது கணுக்காலில் ஒரு டிசம்பர் பூ வந்தது. நல்ல ஊதா நிறம். இரண்டு நாள் விட்டு முழங்காலில் ஒன்று. பங்குனி பிறக்கும்போது முதுகெல்லாம் பூவாகி, பூவுக்கும் பூவுக்கும் நடுவில் தோல் மஞ்சளாக மாறியிருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பால்வாடி டீச்சர் மட்டும், "திங்கக்கிழமை கலர் டிரஸ் கிடையாதுக்கா, யூனிஃபார்ம்தான்" என்று சொல்லிவிட்டார். முழுக்கைச் சட்டை போட்டு அனுப்பினேன்.

அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை. தூக்கம்தான் போயிற்று. எப்போது படுத்தாலும், யாரோ அக்குளில் கை கொடுத்துத் தூக்கின மாதிரி பாதியில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். மூன்று வயதுப் பிள்ளை. சோற்றுத் தட்டின் மேலேயே தலை சாயும். அங்கேயும் பாதியில் எழுந்துவிடுவாள். பூ கழுத்துக்கு ஏறிய அன்று அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

தோல் பிரிவில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர். சட்டையைக் கழற்றியதும் முதுகு முழுக்கக் கயிற்றுக் கட்டில் பின்னல். வீடு மாற்றின அன்று, மத்தியானத் தூக்கத்தில் இருந்தவரை மகன் எழுப்பி ஆட்டோவில் ஏற்றிவிட்டு, கட்டிலைப் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டானாம்.

"அந்தக் கட்டில்லயே போயி மிச்சத்தத் தூங்கிட்டு வாங்க" என்று டாக்டர் நூர்ஜஹான் சீட்டில் எழுதினார்.

"அதுல இப்ப வேற ஆளு படுத்திருக்கானே தாயி."

"அவரு எந்திரிச்ச பிறகு படுங்க."

அடுத்து சஷ்மிதா. டாக்டர் அவள் கழுத்துப் பூவின் மேல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து அழுத்தினார். பூ வெளுக்கவில்லை. குனிந்து மோந்து பார்த்தார்.

"தூளிச் சேலையா?"

"ஆமா மேடம். என்னோட வாயில் துணிச் சேலை."

"சேலை எங்க?"

"பழசு வாங்குறவருக்குப் போட்டுட்டேன். ஒரு பிளாஸ்டிக் டப்புக்கு."

"போடும்போது பிள்ளை அதுல தூங்கிக்கிட்டு இருந்தாளா?"

தலையை ஆட்டினேன். மில்லில் வேலை பார்த்த காலத்தில் நாங்கள் ஐந்து பேர் ஒரே மாதிரி எடுத்த சேலை அது. மஞ்சளில் டிசம்பர் பூ. மற்ற நாலு பேரும் எந்த ஊரில் இருக்கிறார்களோ! சஷ்மிதா பிறந்ததும் அதைத்தான் தூளி கட்டினேன். அவளுக்கு ஒன்றரை வயது ஆனபோது தெருவில் "பழைய சேலை, பேன்ட்டுக்குப் பிளாஸ்டிக் சாமான்" என்று குரல் கேட்டது. வண்டியில் ஒரே ஒரு நீல டப்பு. பிள்ளை உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு பெரியது. அடுத்த தெருப் பெண்கள் வேறு சேலையோடு வந்துகொண்டிருந்தார்கள். தூங்குகிறவளைத் தோளில் போட்டுக்கொண்டு தூளியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டேன். அப்போது மணி பத்தேகால். பன்னிரண்டு வரைக்கும் தூங்குகிற பிள்ளை.

"அப்ப ஒண்ணே முக்கால் மணி நேரம் அதுலயே கிடக்கு" என்று டாக்டர் எழுதிக்கொண்டார். "சின்னப் பிள்ளைகளுக்கு இது லேட்டாத்தான் வெளிய வரும். இமைக்குப் பூ ஏறிட்டா அப்புறம் இமை மூடாதும்மா. அதுக்கு என்கிட்ட மருந்தும் இல்ல. இந்த வாரத்துக்குள்ள அதுலயே தூங்க வச்சிரு." பூ ஏறுவதை மட்டுப்படுத்த ரோஸ் நிறத்தில் ஒரு தண்ணி மருந்து கொடுத்தார்.

பழசு வாங்குகிற சீமைச்சாமி அண்ணன் வியாழக்கிழமை எங்கள் தெருவுக்கு வருவார். கேட்டதுமே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"அந்த மெத்துன்னு இருந்த வாயில் சேலையா? அதப் போயி சந்தைக்கு விடுவேனாம்மா? என் தங்கச்சி மக செண்பகத்துக்குத் தூளி கட்டக் கொடுத்துட்டேன். பேரையூருக்கு முந்தின ஸ்டாப்பு. ஆனா பூவெல்லாம் கொட்டிப்போச்சுன்னு என்னைய வையிறா."

மறுநாள் காலை ஒன்பது மணிப் பேருந்தில் போனோம். அதற்குள் சஷ்மிதாவின் இடது கன்னத்தில் ஒரு மொட்டு.

செண்பகம் தகரக் கொட்டகைக்குள் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தூளி. ஒரு பூ கூட இல்லாத வெறும் மஞ்சள் சேலை. உள்ளே அவள் மகன், பத்து மாதம், தூங்கிக்கொண்டிருந்தான். அவள் சேலையைப் பார்த்தாள், சஷ்மிதாவைப் பார்த்தாள்.

"எல்லாம் இங்கதான் இருக்கா? எங்க மாமாவப் போயி வஞ்சுட்டேனே."

வந்த காரியத்தைச் சொன்னேன். அவள் கை நாரை விடவில்லை.

"ஒளிக்காமச் சொல்றேங்கா. இவன் எட்டரைக்குப் படுத்தா பன்னண்டுக்குத்தான் எந்திரிப்பான். இந்த ஊர்ல எந்தப் பிள்ளை இப்படித் தூங்குது? அதுலதான் என் கூடை முடியுது. உங்க பிள்ளை தூக்கத்த நீங்க எடுத்துக்கிட்டா என் பொழப்பு என்னாகுறது?"

நானும் அந்தத் தூக்கத்தை நம்பித்தான் ஒன்றரை வருசம் துவைத்தேன், சமைத்தேன், தலை சீவினேன்.

சஷ்மிதா தூளியின் நுனியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கன்னத்து மொட்டு விரிந்தது. ஓர் இதழ் கீழ் இமையைத் தொட்டது. செண்பகம் நாரைப் போட்டுவிட்டு எழுந்து மகனைத் தூக்கக் கை கொடுத்தாள்.

"தூக்கிராத தாயி" என்று தடுத்தேன். "அப்புறம் இவனுக்கும் மிச்சம் நின்னுரும்."

அவன் எழுகிறவரை இரண்டு பேரும் பூக் கட்டினோம். சஷ்மிதாவின் வலது கண் இமைத்தது. இடது கண் இமைப்பதை நிறுத்திவிட்டது. நான் பூவைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டே கட்டியதில் என் சரம் கோணல்மாணலாக வந்தது. "சாமிக்குப் போட்ரலாம், சாமி ஒண்ணும் சொல்லாது" என்றாள் செண்பகம்.

பன்னிரண்டு ஐந்துக்குப் பையன் சிரித்துக்கொண்டே எழுந்தான்.

சஷ்மிதாவைப் படுக்க வைத்தேன். வளர்ந்துவிட்டாள். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இடது பாதம் சின்னதிலும் அப்படித்தான், உள்ளே தள்ளத் தள்ள வெளியே வரும். தூளியை ஆட்டினேன். எவ்வளவு இழுத்து எங்கே விட வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. அப்போதெல்லாம் ஒரு கையில் தூளி, ஒரு கையில் கரண்டி. பால் வாசனையும் கஞ்சி போட்ட துணி வாசனையும் வந்தன. அந்த ஒன்றரை வருசத்தில் அவள் பெருமூச்சு விட்ட மாதிரியே ஒன்று விட்டாள். இடது இமை மூடியது.

முதலில் கன்னத்துப் பூ சேலைக்குப் போயிற்று. பிறகு கழுத்து, முதுகு. ஒன்று ஐம்பது வரைக்கும் தூங்க வேண்டியவள், பத்து நிமிடம் முன்னாலேயே தானாக எழுந்து, "பசிக்குது" என்றாள். வெளியே நீட்டியிருந்த இடது கணுக்காலில் மட்டும் ஒரு பூ நின்றுவிட்டது.

"பத்து நிமிசம் மிச்சம் இருக்குக்கா" என்றாள் செண்பகம்.

"உன் மகனுக்கு இருக்கட்டும். அந்த நீல டப்பையும் தர்றேன். தண்ணி ஊத்தி உட்கார வச்சா ஒரு மணி நேரம் அடிச்சு விளையாடுவான். நீ கூடைய முடிச்சிரலாம்."

"எப்பக் கொண்டாருவீங்க?"

"அடுத்த வாட்டி இந்தப் பக்கம் வரும்போது."

திரும்பும்போதும் காலையில் வந்த அதே பேருந்துதான். ஜன்னல் ஓரம் கிடைத்தது. ஒரு மாதமாக நானும் தூங்கவில்லை. பக்கத் தகரத்தில் நீல எழுத்து எழுதியிருந்த இடத்தில் தோளைச் சாய்த்தது வரைக்கும்தான் தெரியும். "அம்மா, ஊரு வந்துருச்சு" என்று சஷ்மிதா உலுக்கியதும் அவசரமாக இறங்கினோம்.

காலையில் எழுந்து தலை பின்னும்போது என் வீட்டுக்காரர் என் தோளைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "கரம் சிரம் வரைக்கும் வந்திருக்கு. 'புறம் நீட்டாதீர்' நாளைக்கு வந்துரும்."

இட்லியை டப்பாவில் வைத்து, டப்பைக் கழுவி இடுப்பில் வைத்துக்கொண்டு அதே ஒன்பது மணிப் பேருந்தில் ஏறினேன். அந்த ஜன்னல் ஓரத்தில் ஓர் அம்மா நல்ல தூக்கத்தில் இருந்தார். அவர் எழுந்திருக்கட்டும் என்று நின்றுகொண்டே போனேன்.