ரஞ்சித்துக்கு இல்லை

மலைக்கு ஏறும் ரோட்டில், பஸ் நின்று திரும்பும் இடத்தில் இருந்த மதுக்கடையில் வெற்றிச்செல்வன் பத்தொன்பது வருஷமாக சேல்ஸ்மேன். பி.காம். படித்தவன். பகல் பன்னிரண்டுக்கு ஷட்டரைத் தூக்க வேண்டும், இரவு பத்துக்கு இறக்க வேண்டும், இருபத்தொரு வயது ஆகாதவர்களுக்கு விற்கக் கூடாது. சுவரில் ஒட்டியிருந்த விதிகள் இவ்வளவுதான். அவற்றுக்கு மேல் யோசிக்கிற தெம்பு அவனுக்கு எப்போதோ போய்விட்டது. நின்று நின்று முழங்காலும் போயிருந்தது.

ஆடி மாதத்தில் ஒருநாள், கடை திறக்க அரை மணி இருக்கும்போது ஒரு பெண் வந்தாள். சிவசங்கரி என்று பேர் சொன்னாள். மேலே ஊரில் அங்கன்வாடியில் சமைக்கிறவள். பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து, பாதி தூக்கியிருந்த ஷட்டருக்கு அடியில் கவுன்டர் கம்பி வழியாக நீட்டினாள்.

“ரஞ்சித்துன்னு, லோடு ஆட்டோ ஓட்டறாரு. எங்க வூட்டுக்காரரு. கல்லீரல் வீங்கிப் போச்சுங்க. இனிமே குடிச்சா ஆறு மாசம் தாங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. நீங்க அவருக்குக் குடுக்காதீங்க சார்.”

வெற்றிக்கு ரஞ்சித்தைத் தெரியும். சாமை மூட்டை ஏற்றிப் போகிறவன். பன்னிரண்டு அடித்ததும் முதலில் வந்து நிற்பவன்.

“அப்படி ஒரு ரூல் இல்லம்மா. வயசு ஆன ஆளுக்கு நான் எப்படி இல்லன்றது?”

“சின்னப் பசங்களுக்கு இல்லன்றீங்கல்ல? அவங்க கெட்டுப்போவாங்கன்னு தானே? இவரு செத்தே போய்டுவாருங்க.”

அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள் போல இருந்தாள். வெற்றி சீட்டைத் திருப்பிக் கொடுத்தான். “பாக்கறேன், போங்க” என்றான். அவளை அனுப்புவதற்காகத்தான் அப்படிச் சொன்னான்.

ஆனால் பன்னிரண்டு மணிக்கு ரஞ்சித் கையை நீட்டியபோது, “உனக்கு இல்லப்பா” என்று வாயில் வந்துவிட்டது.

ரஞ்சித் சிரித்தான். “இன்னாணா, சரக்கு வரலியா?”

“வந்துச்சு. உனக்குத்தான் இல்ல.”

மறுநாளும் இல்லை என்றான். மூன்றாம் நாள் ரஞ்சித் ஆதார் அட்டையைக் கொண்டுவந்து கம்பியில் அடித்தான். “முப்பத்தி நாலு வயசுணா எனக்கு! படிச்சவன்தானே நீ, படிச்சுப் பாரு!” வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். யாரையாவது வாங்கித்தரச் சொல்லிப் பார்த்தான். உடன் வேலை செய்யும் பஞ்சாட்சரம் அவர்களையும் அடையாளம் கண்டு திருப்பினான். அடுத்த கடை பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி. அங்கே ரஞ்சித் சில நாள் போனான். பல நாள் போகச் சோம்பினான். இப்படியே மூன்று வாரம் நடந்தது.

அப்புறம் போர்டில் இருந்த புகார் எண்ணுக்கு ரஞ்சித் போன் செய்தான். மேலிடத்திலிருந்து அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். ஓய்வு பெறும் வயது, வெயிலில் களைத்துப்போயிருந்தார்.

“கடை திறந்த நேரம்தானே? அவனுக்கு வயசும் ஆச்சு. அப்பறம் எந்த ரூல்ல இல்லன்ன?”

வெற்றி ஆஸ்பத்திரிச் சீட்டைப் பற்றிச் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என் வூட்லயும் ஒருத்தன் இருக்கான்பா. அதை நான் ஃபைல்ல எழுத முடியுமா? விளக்கம் எழுதிக் குடு. நாளையில இருந்து குடுத்துடு.”

மறுநாள் வெற்றி கொடுத்தான். ரஞ்சித் பாட்டிலைத் தூக்கி வரிசைக்குக் காட்டினான். ஜெயித்தவன் முகம்தான், ஆனால் மஞ்சளாக இருந்தது. சாயங்காலம் சிவசங்கரி ரோட்டோரம் நின்றாள். வெற்றி வெளியே வந்து, அதிகாரி விளக்கம் கேட்டதையும் கொடுக்கச் சொன்னதையும் சொன்னான். திட்டுவாள் என்று நினைத்தான்.

“மூணு வாரம் பாதி நாளாச்சும் வூட்ல ஒக்காந்து சோறு தின்னாரு சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

புரட்டாசி பிறந்தபோது ரஞ்சித்தின் கால்கள் வீங்கிவிட்டன. ஆட்டோவை வேறு ஆள் ஓட்டினான். ஒருநாள் வரிசையில் அவன் முறை வந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்:

“அண்ணா, இன்னிக்கு இல்லன்னு சொல்லுணா.”

வெற்றி அவனைப் பார்த்தான். பின்னால் பத்துப் பேர் நெருக்கினார்கள்.

“இல்ல” என்றான் வெற்றி.

ரஞ்சித் போய் எதிரே சிறுபாலத்தில் உட்கார்ந்தான். ஒரு மணிக்கு வந்தான். வெற்றி இல்லை என்றான். இரண்டரைக்கு வந்து கம்பியை உலுக்கி, கெட்ட வார்த்தையில் கத்தி, அப்புறம் கெஞ்சினான். வெற்றி கொடுத்துவிட்டான். கொடுத்த கையோடு பஞ்சாட்சரத்திடம் சொன்னான்: “நாளைக்கு எனக்கு லீவு. நீ பாத்துக்க.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவன் மேலே ஊருக்குப் போய் ரஞ்சித்தை எழுப்பினான். எந்தக் கடையும் திறக்க ஐந்து மணி நேரம் இருந்தது. சிவசங்கரி துணி எடுத்துக்கொண்டாள். மூவரும் அமிர்தி வழியாக வேலூர் பஸ்ஸில் போனார்கள். வளைவுகளில் ரஞ்சித் இரண்டு முறை வாந்தி எடுத்தான். வெற்றி தன் துண்டைக் கொடுத்தான்.

“லீவு போட்டா உனக்குத் திட்டு வுழாதாணா?”

“வுழும்.”

பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, வார்டில் படுக்க வைக்கும்போது மணி பதினொன்றே முக்கால். டிரிப் ஏறத் தொடங்கியதும் ரஞ்சித் கண்ணை மூடினான். பிழைப்பானா என்று வெற்றி கேட்டதற்கு டாக்டர், “இப்பவாவது கூட்டிட்டு வந்தீங்களே” என்றார்.

சிவசங்கரி வராந்தாவரை வந்தாள். “சாப்ட்டுட்டுப் போங்க சார்” என்றாள். பசியில்லை என்றான்.

ரஞ்சித் பதினாறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தான் என்று வெற்றி கேள்விப்பட்டான். மூன்று மாதமாகக் கடைப்பக்கம் வரவில்லை. அதனால் குடிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது; பதினெட்டு கிலோமீட்டரில் இன்னொரு கடை இருக்கிறது. வெற்றி யாரிடமும் விசாரிக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போது, வரிசையின் முதல் ஆளைக் கொஞ்சம் பயத்தோடு பார்க்கிறான். வேறு யாரோ. கையை நீட்டுகிறார். வயது ஆகியிருக்கிறது. கொடுக்கிறான்.