புறமுதுகு வீரர்

மெங் பாவின் முதுகைச் சீனா முழுக்கப் பார்த்திருக்கிறது. முகத்தை அவர் பெண்டாட்டியும் முடிவெட்டுகிறவரும் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வருடமாக வாள்சண்டைப் படங்களில் கதாநாயகர்களுக்கு டூப் போடுகிறவர். கூரைவிட்டுக் கூரை பறப்பதும் மூங்கில் நுனியில் நிற்பதும் அவர். திரும்பிப் பார்த்துச் சிரிப்பது மட்டும் ஹீரோ. மற்றவன் புறமுதுகு காட்டினால் கேவலம், எனக்கு அதற்குத்தான் சம்பளமே என்று தன்னைத் தானே கிண்டலடித்துக்கொள்வார்.

இப்போது இடுப்பு போய்விட்டது. இந்தப் படத்துக்கு அப்புறம் கயிற்றில் தொங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைசிப் படம் என்று தெரிந்ததும் இயக்குநர் தாவ் அவருக்கென்று ஒரு வேடம் கொடுத்தார். சிவப்பு அங்கிக் கொலைகாரன். மூங்கில் உச்சியில் குத்துப்பட்டு, பனிமூட்டத்துக்குள் மல்லாந்து விழுந்து, ஏரியில் சாக வேண்டும். திரை முழுக்க அவர் முகம், மூன்று விநாடி. சாகிற வேடம் என்பதால் தோஷம் கழிய வழக்கம்போலப் பணம் வைத்த சிவப்பு உறை கொடுத்தார்கள். அவருக்கு அந்த மூன்று விநாடி கிடைத்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றிருந்தது. ஒரு வாரம் கண்ணாடி முன்னால் செத்துச் செத்துப் பழகினார்.

பெண்டாட்டி ஷின்லான் அதே படத்தில் தையல்காரி. வெள்ளைப் பனியில் அந்தச் சிவப்பு ஒன்றுதான் தெரிய வேண்டும் என்று தாவ் கேட்டிருந்தார். ஐந்து அடுக்கு மெல்லிய பட்டு. காற்றில் விரிய ஓரத்தில் குட்டி குட்டி ஈயக் குண்டுகள். நனைந்தால் பட்டு வீண், அதனால் மூன்று அங்கி தைத்திருந்தாள். பனியும் ஒன்பது மணிக்குக் கலைந்துவிடும்.

"மூணு தடவைதான் சாகலாம். பாத்து சாவுங்க," என்று முடிச்சுப் போட்டு அனுப்பினாள்.

கயிற்றுக்காரர்கள் எட்டுப் பேர் இழுத்தார்கள். மெங் பறந்தார், விழுந்தார். நனைந்த கோழியாக மானிட்டர் பக்கம் ஓடிவந்தார்.

"அங்கி பிரமாதம்ணே," என்றார் தாவ். "மொகம் எங்க?"

"தெரியலையா?"

"பின்மண்ட தெரியுது."

கேமரா எந்தப் பக்கம் இருக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. இருபத்திரண்டு வருடப் பழக்கம் லேசில் போகுமா? இரண்டாம் முறை கழுத்து சொன்னபடி கேட்டது, கை கேட்கவில்லை. சட்டென்று உயர்ந்து முகத்தை மூடிக்கொண்டது.

"புதுப்பொண்ணு மாதிரி என்னண்ணே வெக்கம்?" என்றான் கயிற்றுத் தலைவன் யூ.

மூன்றாவது அங்கியின் கழுத்துப்பட்டிக்குள் ஷின்லான் மூங்கில் சிம்பு வைத்துத் தைத்தாள். கைகளை இடுப்போடு சேர்த்துக் கட்டினாள். இந்த முறை முகம் எங்கேயும் தப்பி ஓட முடியவில்லை. ஐந்து அடுக்குச் சிவப்பும் விரிந்து நிற்க, நட்டநடுவில் மெங் பாவின் முகம். கசாயம் குடிக்கிற பிள்ளையைப் போல வாயைக் கோணி, கண்ணை இறுக்கி மூடியிருந்தது.

தாவ் ஓட்டிப் பார்த்தார். கயிறு இழுபடுவதற்கு முன்பே கண் மூடிவிட்டது.

"எப்பவும் இப்படித்தானாண்ணே?" என்றான் யூ.

"எப்பவும்தான். பயம்டா. முதுகுதான தெரியும், கண்ண எவன் பாக்கப் போறான்னு இருந்துட்டேன்."

முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். பனி கலைந்து வெயில் வந்துவிட்டது.

"மொத டேக்கையே வெச்சுக்கறேன்ணே. மன்னிச்சுக்கங்க," என்றார் தாவ். மெங் பெரிய மனுஷத்தனமாகத் தலையாட்டினார்.

ஷின்லான் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப நான் தச்சதெல்லாம் உங்களச் சுத்தி விரியறத, மேல இருந்து ஒரு தடவகூட நீங்க பாத்ததில்லையா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"யூ, ஒரே ஒரு தடவ தூக்கு," என்றாள் அவள்.

கேமராவைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேரும் கயிற்றைப் பிடித்தார்கள். மெங் மேலே போனார். ஈரப்பட்டு விரியவில்லை, காலில் சுற்றிக்கொண்டது. ஏரி அதலபாதாளத்தில் கிடந்தது. கரையில் ஷின்லான் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து நின்றாள். அவளுடைய தலை இவ்வளவு நரைத்திருப்பது அவருக்குத் தெரியாது.

"எறக்குடா யூ, எறக்குடா," என்று கதறினார். கண்ணை மட்டும் மூடவில்லை.